வெள்ளையில் வெள்ளை

"நாளைக்கு க்ளையன்டுக்கு டெமோ காட்டும்போது என் பேரும் இருக்கணும் சார்."

எதை வேண்டுமானாலும் கேள், பெயரை மட்டும் கேட்காதே என்று டீமில் அக்காக்கள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஸ்டைல் ஷீட் எழுதி, டெமோவில் காட்டப்போகும் எங்கள் ஆபீஸ் மெயிலின் நிறம், எழுத்து எல்லாவற்றையும் மாற்றியவள் நான். பெயர் மட்டும் மேனேஜருக்கு.

அவர் சிரித்தார். "பெயின்ட் அடிச்சவன் பேரையா வீட்டு வாசல்ல எழுதுவாங்க? உங்க குடும்பத்துல காலேஜ் படியேறின முதல் ஆளு நீ. கிடைச்சதே பெருசுன்னு இரு."

"அப்ப நான் கிளம்புறேன் சார்."

"மிரட்டுறியா? ஒரு மாச நோட்டீஸ் கொடுக்காம எப்படிப் போவே? நாளைக்கு டெமோவை ஓட்டப்போறதே நீதான்."

"நோட்டீஸ் அனுப்பி இன்னையோட மாசம் முடியுது."

"எனக்கு எதுவும் வரலையே!"

"வந்துச்சு சார். ஜூனியருங்க மெயில் என் கண்ணுலயே படக்கூடாது, வெள்ளையில வெள்ளை எழுத்தா மாத்திடுன்னு நீங்கதானே சொன்னீங்க? ஹெச்.ஆர். பொண்ணும் ரெண்டு தடவை மெயில்ல ஞாபகப்படுத்துச்சு. பாவம், அதுவும் ஜூனியர்தான்."

அவர் வெள்ளைத் திரையைத் தடவித் தேட ஆரம்பித்தார். அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேசையில் போட்டுவிட்டு வெளியே நடந்தேன்.