பெட்டிக்குள் ஒரு கண்ணாடி

"வாயே திறக்க மாட்டேங்குதும்மா."

"நீயும்தான் காலையிலேருந்து சாப்பிடலை."

பருந்து தூக்கிப்போய்க் கீழே போட்ட கோழிக்குஞ்சு அட்டைப்பெட்டியில் கிடந்தது. மருந்து போட்டும் குருணையைத் தொடவில்லை. அம்மா கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தாள்.

"மத்த குஞ்சுங்களோட விட்டா காயத்தைக் கொத்திடும். தனியா இருக்கிற ஏக்கம்தான். பக்கத்துல ஒரு கண்ணாடி வைங்க. துணை இருக்குன்னு நினைச்சுத் தின்னும்."

"வீட்ல கண்ணாடி இல்லைங்க."

"கண்ணாடி இல்லாத வீடா? ஜோக் அடிக்காதீங்கம்மா!"

போனை வைத்ததும் மகள் மெதுவாகச் சொன்னாள். "அலமாரி மேல இருக்கும்மா. நீ ஒளிச்சு வச்சப்போ பார்த்தேன்."

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். துணி சுற்றிய கண்ணாடியை இறக்கிப் பெட்டிக்குள் வைத்தாள்.

குஞ்சு தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு ஒரு குருணையைக் கொத்தியது.

மகளும் குனிந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

"எங்கடி போயிருந்தே இத்தனை நாளா? சாப்பிட்டியா?"

அச்சு அசலாக அவளைப் போலவே இருந்த இரட்டைச் சகோதரி காய்ச்சலில் போனதிலிருந்து, அவள் கண்ணாடியோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். அதற்குப் பயந்துதான் அம்மா அதை ஒளித்தாள்.

இன்று அம்மா அதை எடுத்து ஒளிக்கவில்லை. தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, மகளுக்குப் பக்கத்தில், கண்ணாடியில் தன் முகம் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.