போல்ட் துளை

பிடரி கல்லாக இறுகிக் கிடந்தது. காலையிலிருந்து திரையைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண்ணும் எரிந்தது.

திரையில் இருந்தது அண்ணனின் கை. முழங்கைக்குக் கீழே மிஞ்சிய துண்டுக்கு மாட்டும் உறை. அதன் முனையில் கொக்கியைப் பூட்ட ஒரு போல்ட் துளை வேண்டும். அது விழுந்துவிட்டால் உறை இன்றைக்கே முப்பரிமாண அச்சுக்குப் போய்விடும். திங்கட்கிழமை அண்ணன் அதே பஞ்சிங் மிஷினுக்குத் திரும்பிவிடுவான்.

முதலாளி அவன் வேலையை அப்படியே வைத்திருக்கிறார். கை சிக்காமலிருக்க மிஷினுக்குத் தடுப்பு மட்டும் இன்னும் போடவில்லை.

அண்ணன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒரு ஓட்டைக்கு இந்தப் பாடா? எங்க மிஷின்ல கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போட்டுடுவேன்."

"போட்டுத்தானே கையை அங்க விட்டுட்டு வந்தே."

வயிறு குலுங்கச் சிரித்தான்.

அவள் ஒரு உருளையை உறைக்குள் செருகி, அந்த அளவுக்கு வெட்டி எடுக்கும்படி கணினிக்குக் கட்டளை கொடுத்தாள். மென்பொருளில் இதற்குப் பூலியன் என்று பேர். துளை விழுந்தது. கூடவே சுற்றிலும் சுருக்கம் தட்டியது, தைக்கத் தெரியாதவன் தைத்த பொத்தான் துளை மாதிரி. பளு தூக்கினால் அங்கேதான் முதல் விரிசல் விடும்.

"ஏன் இப்படிக் கோணுது?"

"நீ பாக்கிற வழவழப்பு சும்மா காட்டுறதுண்ணே. உள்ள இருக்கறது பெரிய பெரிய தட்டைக் கட்டம்தான். வெட்டு அதுலதான் விழுது. அப்புறம் வெட்டையும் சேர்த்து இழுத்து வழவழப்பாக்குது. இழுத்தா கோணாம என்ன பண்ணும்?"

"தலையும் புரியல, வாலும் புரியல. டீ வாங்கிட்டு வரேன்."

பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனான்.

படியிறங்கும் சத்தம் ஓயும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு வழவழப்பை முதலில் நிலைப்படுத்தினாள். வெறுமனே காட்டியதெல்லாம் நிஜக் கட்டங்களாயின, பொடிப்பொடியாக. அதன் மேல் வெட்டினாள்.

துளை கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு சுருக்கமில்லை.

போன வாரமும் இப்படித்தான் உட்கார்ந்தது.

திங்கட்கிழமையையும் தடுப்பில்லாத மிஷினையும் நினைத்தாள். பிறகு செய்ததை அழித்து, பழைய சுருக்கத்தோடு வைத்தாள்.

"ஆச்சா?" வாசலிலிருந்தே கேட்டான்.

"இன்னும் கோணுதுண்ணே."

மிச்சமிருக்கிற கையால் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தான்.

வாங்கிக்கொண்டாள். அண்ணனுக்கு அவள் தரவேண்டியது ஒரு கை. இன்னும் தரவில்லை.