பூசைக்கு ஒரு பெயர்

"உன் மகன் போன சேதி வந்து நாளையோட ஏழு நாள் ஆகுது ரோசம்மா. பூசைக்குப் பேர் குடுத்துடு."

"வேண்டாம் உபதேசியாரே."

உபதேசியார் பாக்கியநாதன் மடியில் விரித்த நோட்டோடு திகைத்துப் போனார். பொன்மலைக் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை இருபது வருஷமாக அவர்தான் எழுதி வாங்கிச் சுவாமியாரிடம் கொடுக்கிறார். நாளைத் தள்ளிப் போடச் சொன்னவர்கள் உண்டு. பூசையே வேண்டாம் என்று சொன்ன தாயை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"சண்டையில போன உயிரும்மா. கடைசி நேரத்துல பக்கத்துல ஒரு குருவானவர் இருந்தாரோ இல்லையோ. பூசை வைக்காட்டி அந்த ஆத்துமா மோட்சம் சேராம உத்தரிக்கிற ஸ்தலத்துல கிடந்து தவிக்காதா?"

ரோசம்மாள் கையிலிருந்த ஜெபமாலையைச் சுருட்டி மடியில் வைத்தாள்.

"தவிக்கும். எனக்குத் தெரியாதா? இருந்தாலும் இப்ப வேண்டாம்."

பாகிஸ்தான் சண்டை உச்சத்தில் இருந்த செப்டம்பர் மாதம் அது. ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த இரண்டு வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே நாளில் பட்டாளத்துக்குப் போனவர்கள். ஒருவன் ரோசம்மாளின் ஒரே மகன் சவரிராயன். இன்னொருவன் பக்கத்து வீட்டு லூர்துராணியின் கணவன் செபஸ்தியான்.

ஆறு நாளைக்கு முன்பு, பட்டப்பகலில் தந்திக்காரர் வந்தார். ரோசம்மாள் மட்டும்தான் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள், நாலெழுத்து இங்கிலீஷ் தெரியும். வாங்கிப் பிரித்தவள் போட்ட அலறலில் லூர்துராணி ஒன்பது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"யாருக்கு அத்தை? சொல்லுங்க அத்தை, யாருக்கு?"

"என் சவரிக்குடி... என் புள்ளை போயிட்டான்டி!"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அழுகைக்குக் குறைவில்லை. ஆனால் மகன் படத்துக்கு மாலை போட விடமாட்டேன் என்றாள் ரோசம்மாள். இப்போது பூசையும் வேண்டாம் என்கிறாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு உபதேசியார் நோட்டை மூடினார்.

அவர் எழுந்தபோது லூர்துராணி கஞ்சித் தூக்கோடு படியேறி வந்தாள். பின்னாலேயே அவள் தாய் டோரதி ஓடி வந்தாள்.

"அடியே, சொன்னா கேக்க மாட்டியா? புள்ளைத்தாச்சி துக்க வீட்டுக்கு வரலாமா? ரத்தக்கொதிப்பு ஏறிக் கிடக்கு, மனசைப் போட்டு அலட்டாதேன்னு டாக்டரம்மா தலைதலையா அடிச்சுக்கிட்டாங்களே! ஏற்கெனவே வயித்துல ஒண்ணைப் பறிகுடுத்தது போதாதா?"

லூர்துராணி கேட்கவில்லை. ரோசம்மாளின் எதிரே மெல்ல உட்கார்ந்தாள்.

"ஒரு வாய் குடிங்க அத்தை. அவருக்கு லெட்டர் போட்டிருக்கேன். சவரி அண்ணன் கடைசியா என்ன பேசினாருன்னு விவரமா எழுதச் சொல்லியிருக்கேன். பதில் வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் படிச்சுக் காட்டுவேன்."

ரோசம்மாள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எழுந்து போயிடு ராணி."

"ஏன் அத்தை என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறீங்க? என் வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்னா?"

"போடின்னா போயிடு!"

லூர்துராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வரிசை வீடுகள் முழுக்க அன்றைக்கே பேச்சு பரவியது. தன் பிள்ளை போய், அடுத்தவள் புருஷன் பிழைத்துக் கிடக்கிறானே என்று ரோசம்மாளுக்கு வயிற்றெரிச்சலாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எல்லாம் ரோசம்மாளின் காதுக்கும் வந்தது. அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் லூர்துராணிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியபோது ரோசம்மாள் வாசல் வரை ஓடி வந்தாள். "நல்ல காரியத்துக்குப் போறப்ப நீ எதுக்க வராதேக்கா" என்று டோரதி முகத்துக்கு நேரே சொன்னாள். ரோசம்மாள் உள்ளே போய் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டவள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் கழித்து டோரதி வாசலில் நின்று, பழைய கோபமெல்லாம் மறந்து, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"தாயும் சுகம், புள்ளையும் சுகம்! கொதிப்பு இறங்கிடுச்சாம். இனிமே ஒரு பயமும் இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க!"

ரோசம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனாள். உபதேசியார் மணிக்கூண்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"பூசைக்குப் பேர் எழுதிக்குங்க உபதேசியாரே. நாளைக்கே வைக்கணும். இதுக்கு மேல தாமசம் கூடாது."

இப்போதாவது மனம் வந்ததே என்று அவர் நோட்டைப் பிரித்து, 'சவரிராயன்' என்று எழுதினார்.

"அதை அடிச்சிடுங்க" என்றாள் ரோசம்மாள். "செபஸ்தியான்னு எழுதுங்க."

ரவிக்கைக்குள்ளிருந்து வியர்வையில் நனைந்து கசங்கிய தந்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உபதேசியார் அதிலிருந்த விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். திருமதி லூர்துராணி செபஸ்தியான், பொன்மலை.

"சுவாமியாரைக் கொஞ்சம் கூப்பிடுங்க. எல்லையில உயிரோட நிக்கிற என் புள்ளையைச் செத்தான் செத்தான்னு பத்து நாளா ஒப்பாரி வெச்சிருக்கேன். இந்தப் பொய்யை அவர்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தான், நான் அந்தப் பொண்ணுகிட்டப் போகணும்."