பேரம் படிந்த ஜோடி

“குட்டி ஒண்ணு இருபதாயிரம் சார்!” கால்நடை மருத்துவமனையில், மடியிலிருந்த பெண் நாயைத் தடவியபடி சொன்னான் இளைஞன். “இதுக்குப் போய் கருத்தடை ஆபரேஷன் பண்ணணுமாம். இல்லேன்னா பின்னாடி கர்ப்பப்பையில சீழ் வைக்கலாம்னு டாக்டர் பயமுறுத்தறாரு.”

பக்கத்திலிருந்த ஜவுளிக்கடைக்காரர் தம் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். “பண்ணிடுங்க தம்பி.”

“ஏன் சார், நீங்களும் குட்டி விக்கிறீங்களா? போட்டிக்கு ஆள் வரக் கூடாதுன்னு பார்க்கிறீங்களோ?”

“எங்க நாய் செல்லியோட குட்டிகளை விக்கத்தான் நினைச்சேன். ஆண் நாய் வச்சிருந்தவன் ஜோடி சேர்க்கக் கேட்ட காசைக் குறைக்கச் சொல்லியே ரெண்டு வருஷம் இழுத்தேன். கைக்குட்டைக்கே நாக்கு தேயப் பேசுறவன், விடுவேனா?”

“படிஞ்சுதா?”

“படிஞ்சுது. பாதி விலைக்கு.”

“பலே! குட்டி எத்தனை?”

அதற்குள் கம்பவுண்டர் கூப்பிட்டார். ஜவுளிக்கடைக்காரர் எழுந்துபோய்ப் பையைக் கவிழ்த்தார். பிரிக்காத மாத்திரை அட்டைகள் விழுந்தன.

“நான் பேரம் பேசி முடிக்கிறதுக்குள்ள அவளுக்கு வச்ச சீழுக்கு நீங்க குடுத்தது. முதல் அட்டை முடியறதுக்குள்ள செல்லி போயிட்டா.”

கம்பவுண்டர் தலைகுனிந்தார். “பணத்தைத் திருப்பித் தரட்டுமா சார்?”

ஜவுளிக்கடைக்காரர் இளைஞனின் நாயைத் திரும்பிப் பார்த்தார்.

“இவளோட ஆபரேஷன் செலவுல கழிச்சுக்குங்க. மீதியும் நானே தர்றேன்” என்றார். “செல்லிக்குத் தர வேண்டியதுதான் எதுலயும் கழியாது.”