கஸ்தூரியின் திக்கல்

‘கடவுளே, என் பெயரையாவது திக்காமல் சொல்லிவிட வேண்டும்.’ ஒவ்வொரு அழைப்புக்கு முன்பும் கஸ்தூரி இப்படித்தான் நினைத்துக்கொள்வாள்.

ஆலைகளுக்கு ஆள் எடுத்துத் தரும் அந்தக் கோவை நிறுவனத்தில், வேலை தேடுபவர்களிடம் முதலில் பேசுவது மென்பொருள்தான். தடங்கலே இல்லாத இனிய குரல். அதனாலேயே பலர் அதை நம்பாமல் பாதியில் போனை வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தவர்களைக் கஸ்தூரி திரும்ப அழைப்பாள்.

“வ... வணக்கம்” என்றதுமே, “அட, நெசமாலுமே மனுசிதானுங்க!” என்று சிரித்துவிட்டு மனம்விட்டுப் பேசுவார்கள். இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் பேசியவர்கள்.

மேலாளர் இம்மானுவேல் அவள் மேசைக்கே வந்தார்.

“அசத்திட்டீங்க கஸ்தூரி! ஆலைக்காரங்க எல்லாம் உங்களைத்தான் கேக்கறாங்க. ஒண்ணே ஒண்ணு, உங்க திக்கலைப் பதிவு பண்ணி மென்பொருளுக்குக் குடுத்துடலாம். அப்புறம் அதையும் மனுசின்னு நம்பிடுவாங்க.”

யாராவது எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று சிறு வயதிலிருந்து அவள் அழுத திக்கல். இன்று ஒருவர் கை நீட்டிக் கேட்கிறார். அவளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

“த... த... தர மாட்டேங்க சார்” என்று, எந்த அவசரமும் இல்லாமல் சொல்லி முடித்தாள்.