சுற்றாத தட்டு

"தட்டு எங்கய்யா? தட்டு எங்க?"

லியோனோரா போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக் குழந்தை கோழிக்காலைக் கீழே போட்டது.

மேஜை முழுக்க நீளமாய் வாழையிலை விரித்து, நடுவில் சோற்றைக் கொட்டி, மேலே சுட்ட மீனும் இறாலும் பன்றிக்கறியும் மாங்காயுமாக அடுக்கியிருந்தார்கள். எல்லோரும் ஒரே இலையில் கைவைத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

"அப்பாதான் இந்தக் கையால சாப்பிடற விருந்து வேணும்னு சொன்னாரும்மா. நல்லாத்தானே இருக்கு?" என்றான் ஜெர்வின்.

"உங்கப்பாவா? நினைச்சேன். புள்ள முதல்முதலா கப்பல் வேலைக்குக் கிளம்பறான், இன்னிக்குப் பார்த்து இவருக்குப் புதுசா ஆசை!"

தெமியோ தலை நிமிராமல் இறாலை உரித்து மகன் பக்கம் தள்ளினார்.

"அக்கா, தட்டு வேணும்னா எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள் பரிமாறும் பெண்.

"வேண்டாம்," என்றார் தெமியோ.

லியோனோராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தே விட்டாள்.

"அம்மா, இன்னிக்கு ஒருநாள் சண்டை வேண்டாமே," என்று மகன் கையைப் பிடித்தான். அவனுக்காக உட்கார்ந்தாள். ஆனால் சோறு உள்ளே இறங்கவில்லை.

ஜெர்வின் பாதி மீன்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டான், போன் அடித்தது. கப்பல் ஏஜென்ட். மணிலா விமானத்தை முன்னால் மாற்றிவிட்டார்களாம், வேன் வாசலில் நிற்கிறதாம்.

"சாப்பிட்டு முடிச்சுட்டுப் போடா!"

"விட்டுட்டுப் போயிடுவாங்கம்மா." அப்பா தோளை அணைத்தான், அம்மா கன்னத்தில் முத்தமிட்டான், பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

லியோனோராவின் கைகள் தன்னாலேயே இலைமேல் போயின. ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனால், மிச்சமிருப்பவர்கள் தங்கள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றி வைக்க வேண்டும். அப்போதுதான் போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேருவார். பிறந்த நாளிலிருந்து பார்த்து வந்த பழக்கம். இப்போது எதைச் சுற்றுவது? இலை மேஜையோடு ஒட்டிக் கிடந்தது.

"தட்டு! யாராவது ஒரு தட்டு கொண்டு வாங்களேன்!"

பணியாட்கள் எல்லோரும் மூலை மேஜையில் யாருக்கோ கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதிலும் விழவில்லை. வேன் தெருமுனை திரும்பிப் போயே போய்விட்டது.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"திருப்தியாய்யா? இப்ப உனக்குத் திருப்திதானே?"

தெமியோ மகன் பக்கம் சிதறிக் கிடந்த சோற்றை இலை நடுவே ஒதுக்கினார்.

"மூத்தவன் ரோடெல் கிளம்பினப்பவும் இதே கடைதான். அவனும் இப்படித்தான் பாதியில எழுந்து ஓடினான். நான் சுத்தினேன், சின்னவன் சுத்தினான். நீ? கல்லு மாதிரி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தே. இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு உனக்கு இளக்காரம். என் புள்ள போன கப்பல் கரை சேரவே இல்ல. மூணு வருஷமா அந்தத் தட்டை நினைச்சு நினைச்சு வேகறேன்யா நான். மிச்சமிருக்கறவனையும் கடலுக்குக் கொடுக்கணுமா உனக்கு?"

பிறந்தநாள் பாட்டு பாதியில் நின்றது. கடையே இவர்களைப் பார்த்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

"சொல்லுய்யா! அன்னிக்கு அந்தத் தட்டைச் சுத்தியிருந்தா உன் கை என்ன தேஞ்சா போயிருக்கும்?"

தெமியோ கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ ரோடெல் பின்னாடியே வாசலுக்குப் போனே பாரு, அப்ப சுத்தினேன், நோரா. மனசு ஆறல. ஒவ்வொரு மேஜையா போய், என் புள்ள போறான், நீங்களும் சுத்துங்கன்னு கெஞ்சினேன். அன்னிக்கு இந்தக் கடையில சுத்தாத தட்டே கிடையாது."

மகன் மிச்சம் வைத்த மீனைப் பார்த்தபடி சொன்னார்: "அதான் இன்னிக்குத் தட்டே வேண்டாம்னேன்."