கடல்தோல்

செலின் இருவர் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கணவன் ஜெரால்டின் வலது உள்ளங்கையில், வெட்டுக்காயம் ஆற ஆஸ்பத்திரியில் ஒட்டிவிட்ட, உயிருள்ள கடல்தோல். மகள் பெனிட்டாவின் உள்ளங்கையில், வெந்நீர் பட்ட இடத்தில் இன்னொன்று. ஒட்டியவரின் ரத்தத்தைக் குடித்து வளரும் அதிலுள்ள ஆயிரம் கடலுயிர்கள், ரத்தசொந்தத்தின் கடல்தோலைத் தொட்டால் ஒன்றாகிவிடும். அந்நியருடையது என்றால் நடுவே கறுப்புக் கோடு விழும்.

“எம் பிள்ளைதானான்னு இன்னிக்குத் தெரிஞ்சிரும்லா,” என்று ஜெரால்டு மகளின் கையைப் பிடித்தான்.

“வேண்டாங்க! தொடவே கூடாதுன்னு நர்சம்மா சொன்னாங்க. அவ ஒங்க பிள்ளைதாங்க. அதான் பயமா இருக்கு.”

அவன் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்தி நூறு எண்ணினான். கறுப்புக் கோடு விழவே இல்லை.

“மன்னிச்சிரு செலினு,” என்று முகம் மலர்ந்து கையை இழுத்தான்.

வீறிட்டபடி மகளும் கையோடு வந்தாள்.